மாமல்லபுரத்துக்கு ரயில்

மாமல்லபுரத்துக்கு ரயில் கிடையாது. சென்னையிலிருந்து போகிறவர்கள் கடற்கரைச் சாலை வழியாக மோட்டாரில் பறந்து போகிறார்கள். செங்கற்பட்டிலிருந்து போகும் எங்களைப் போன்றவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் ஆடி அசைந்து போகிறோம். கடலோரமாகச் சென்று மாமல்லபுரத்தைத் தொட்டுக்கொண்டு புதுச்சேரி, கடலூர் வரையில் ஒரு ரயில் பாதை போடும் திட்டம் பல வருஷங்களாகக் காகிதத்தின் மீது ஓடிக்கொண்டிருக்கிறது. அது தரையில் இறங்கும் வரையில் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆகையால் நானே ஒரு பாதை போட்டுவிட்டேன்.

செங்கற்பட்டு ஜங்ஷனில் புறப்பட்டு, கொளவாய் ஏரிக்கரையை விட்டு விலகி, திருக்கழுக்குன்றத்தில் இளைப்பாறி, பக்கிங்ஹாம் கால்வாயைப் பாலத்தின் மேல் தாண்டி மாமல்லபுரம் போய்ச் சேரும் மீட்டர்கேஜ் பாதை அது. மொத்த நீளம் பன்னிரண்டு அடி. எங்கள் வீட்டு மாடி அறையில், பழைய கட்டில் பலகைகளின் மேல் இருக்கிறது.

நேயர்கள் சிரிக்கலாம். நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு மனிதன், மாலை வேளையில் பொம்மை ரயில் விடுகிறான் என்றால் சிரிப்பு வருவது நியாயந்தான். ஆனால் இதில் உள்ள ருசியே கணக்கின் ருசி. மாதிரி ரயில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் உலகத்தை 87-இல் ஒரு பங்காகச் சுருக்குகிறார்கள். ஹாம்பர்க் நகரத்தில் 2001-இல் திறந்து, தேச தேசங்களிலிருந்து ஜனங்கள் போய்ப் பார்க்கும் குட்டி உலகம் இந்த அளவில் அமைந்ததுதான். நம் நாட்டிலும் புனே நகரத்தில் 1998-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திறந்த ஜோஷி மியூஸியம் என்ற ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டர் அகலத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் பிழையை எந்த ரயில்வே இன்ஸ்பெக்டரும் மன்னித்து விடுவார். தொல்லை தூரத்தில்தான். செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 29 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 333 மீட்டர் வருகிறது! எங்கள் தெருக்கோடியையும் தாண்டிப் போய்விடும். ஆகவே தூரத்தில் மட்டும் கணக்கு வாத்தியார் பொய் சொல்ல நேர்ந்தது.

மற்றவற்றில் நாணயமாகவே நடந்துகொண்டேன். அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பாறைச் சிற்பம் சுமார் 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் உள்ளது. என் ராஜ்யத்தில் அது முப்பத்து மூன்று சென்டிமீட்டருக்குப் பதினைந்து. கடற்கரைக் கோயிலின் பெரிய விமானம் சுமார் அறுபது அடி. என்னிடத்தில் ஒரு சாண். வழுக்குப் பாறையில் நிற்கும் வெண்ணெய் உருண்டை சுமார் ஆறு மீட்டர் உயரம். என்னிடத்தில் அது ஓர் எலுமிச்சம்பழத்தைக் காட்டிலும் சற்றுப் பெரிய காகிதக் கூழ் உருண்டை.

இவ்வளவு கணக்குப் பார்த்தவன் ஒரு கணக்கை மறந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கும் பூனை ஒன்றின் உயரம் ஓர் அடி. அதை 87-ஆல் பெருக்கினால் எண்பத்தேழு அடி. கடற்கரைக் கோயிலின் கலசத்தைக் குனிந்து முகர்ந்து பார்க்கும் உயரம்!

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். தாய்ப் பூனை ஐந்து வருஷங்களுக்கு முன் ஓர் ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் கறுப்பு, மார்பில் மட்டும் வெள்ளை. வந்த மூன்றாம் நாளே மாடி அறைக்குள் நுழைந்து, ஓடும் வண்டியின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் அதே வேகத்தில் கம்பீரமாக நடந்து போயிற்று. என் பெண் அதைப் பார்த்துவிட்டுக் "கார்டு" என்று பெயர் வைத்தாள். 2022-ஆம் வருஷத்தில் ரயில்வேயார் கார்டு என்ற உத்தியோகப் பெயரை எடுத்துவிட்டு "டிரெயின் மானேஜர்" என்று மாற்றினார்கள். எங்கள் கார்டுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. அதன் பிள்ளை சாம்பல் நிறம். வண்டி வரும் சமயம் பார்த்துப் பாதை பிரியும் இடத்தில் காலை வைத்து அழுத்துவதால் அதற்குப் "பாயிண்ட்ஸ்மேன்" என்று பெயர்.

பூனையும் மாதிரி ரயிலும் ஒரே அறையில் வாழ்வதென்பது எளிய காரியம் அல்ல. பூனை ரோமம் எஞ்சினின் அடியில் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒரு முறை எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டுச் சாமணத்தால் இழை இழையாகப் பிடுங்க வேண்டும். மின்சாரப் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பதால் மார்கழி மாதத்தில் அதன் மேல் ஒரு பூனை எப்போதும் இருக்கும். தண்டவாளத்தில் ஓடுவது பன்னிரண்டே வோல்ட். அதனால் பூனைக்கு ஓர் அபாயமும் இல்லை, பயமும் இல்லை. எல்லாவற்றிலும் பெரிய தப்பு நான் செய்ததுதான். மாமல்லபுரம் கடற்கரை தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று மெய்யான மணலைச் சலித்துக் கொட்டி வைத்தேன். பூனைக்கு மணல் எதற்கு உபயோகம் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் பிறகு தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு மணலை இறுக வைக்கக் கற்றுக்கொண்டேன்.

வெண்ணெய் உருண்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அசலை 1908-ஆம் வருஷத்தில் கவர்னராக இருந்த லாலி துரை ஏழு யானைகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தும் அது அசையவில்லை என்று மாமல்லபுரத்தில் கதை சொல்வார்கள். என் உருண்டையைப் பாயிண்ட்ஸ்மேன் ஒரே தட்டில் மாடிப்படி வழியாக அடுக்களைக்கு அனுப்பியது. அங்கே என் மனைவி அதைக் கெட்டுப்போன பழம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாத ஒன்று போன ஆவணி மாதத்தில் நடந்தது.

நான் சிறு பையனாக இருந்தபோது, செங்கற்பட்டு வழியாக மீட்டர்கேஜ் வண்டிகளை மின்சார எஞ்சின்கள் இழுத்துப் போகும். 1960-களில் ஜப்பானில் கட்டிய யாம்-1 என்னும் இனம் அது. மொத்தம் இருபதே எஞ்சின்கள். சென்னைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே அவற்றின் ராஜ்யம். என் தகப்பனார் சாயங்காலங்களில் என்னை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் அவற்றைக் காட்டுவார். ஊதல் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். 2004-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியோடு சென்னை-தாம்பரம் மீட்டர்கேஜ் வண்டிகளும் நின்று, அந்தப் பாதையே போயிற்று. தகப்பனாரும் இப்போது இல்லை. அந்த எஞ்சினைக் கடையில் தேடி எனக்குக் கிடைக்காததால், பித்தளைத் தகட்டிலும் அட்டையிலும் நானே செய்யத் தொடங்கினேன். இரண்டு வருஷம் பிடித்தது. ஜன்னல் கம்பிகளை மட்டும் நான்கு முறை பிய்த்துப் போட்டுச் செய்தேன்.

முடிந்த அன்று இரவு, நான்கு பெட்டிகளைக் கோத்து அதை ஓட விட்டேன். மாமல்லபுரம் மலைக்குள் ஒரு சுரங்கம் உண்டு. (அசல் மலையில் கிடையாது, இது இரண்டாவது பொய்.) சுரங்கத்துக்கு நேர் மேலே கார்டு பதுங்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. எஞ்சின் மூக்கை நீட்டியது. கறுப்புக் கை ஒன்று மேலிருந்து இறங்கியது. மூன்றரை அடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் எஞ்சின் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மின்கம்பியைத் தொடும் மேற்கைகள் இரண்டும் நசுங்கின. பல்சக்கரப் பெட்டி பிளந்துவிட்டது. கையிலிருந்த அடிக்கோலைப் பூனை மேல் வீசினேன். நல்ல வேளையாகக் குறி தப்பியது. ஆனால் கதவோரம் நின்ற என் பெண் அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் கீழே போய்விட்டாள்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். மாமல்லபுரத்தில் மீனவர் குப்பம் இருக்கிறது. தினமும் மீன் வந்து இறங்குகிறது. எங்கள் வீட்டுத் தயிர்ச்சோற்றைத் தின்று காலம் தள்ளும் ஒரு பூனைக்கு அதைக் காட்டிலும் சுவர்க்கம் ஏது? நான் அதைத் துரத்தவில்லை. நல்ல இடத்தில் வாழ வைக்கிறேன். இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண் விசேஷ வகுப்புக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்றைத் தேடி எடுத்தேன். மனைவியிடம், தபசுச் சிற்பத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்த்துக் குறிப்பெடுத்து வருவதாகச் சொன்னேன். கூடையை அவள் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். "வெயிலுக்கு முன்னே வந்துடுங்க" என்றாள்.

பஸ்ஸில் கார்டு கத்தத் தொடங்கியது. திருக்கழுக்குன்றம் வரையில் ஓயவில்லை. கண்டக்டர் வந்து, "கோழியா சார்?" என்றார். "பூனை" என்றேன். "பூனைக்கு டிக்கெட் எவ்வளவுன்னு சட்டத்துல இல்லையே" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். வேதகிரி மலை ஜன்னலில் வந்து நின்றது. ஒரு காலத்தில் உச்சிப் போதுக்குத் தவறாமல் இரண்டு கழுகுகள் அங்கே வந்து குருக்கள் கையால் அமுது உண்டு போகும். பல வருஷங்களாக அவை வருவதில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டும் வராத பிராணிகளும் உண்டு, கூப்பிடாமலே வந்து தங்கிவிடும் பிராணிகளும் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது, என் பாலத்துக்கு நான் அடித்த வர்ணம் தப்பு என்று தெரிந்தது. அந்த நிலைமையிலும் அதைக் கவனித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மனைவியிடம் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிடலாம் என்று முதலில் தபசுப் பாறைக்குப் போனேன். காலை வெயில் பாறையின் மேல் நேராக விழும் நேரம். தெருவோரத்திலேயே நிற்கும் சிற்பம் இது. கோபுரம் தாண்டி, பிராகாரம் தாண்டிப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடுவே பாறை இயற்கையாகப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவில் நாகர்கள் நீந்துகிறார்கள். இடப் பக்கத்தில் விலாவெலும்பு தெரிய, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒற்றைக் காலில் நிற்கிறார் தவசி. எதிரே சிவபெருமான். தவசி அர்ச்சுனன் என்பார் ஒரு சாரார்; கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பார் மற்றொரு சாரார். பிளவின் உச்சியில் தண்ணீர் தேக்கி விடுவதற்கான ஏற்பாடு இருந்த அடையாளத்தைக் கண்டு பகீரதன் கட்சியார் பலமாக வாதிக்கிறார்கள். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல யோக்கியதை இல்லை. வலப் பக்கத்தில் யானைகள். உயிருள்ள யானையின் பருமனோடு, குட்டிகளை வயிற்றுக்கடியில் நிறுத்திக்கொண்டு நிற்கின்றன. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாக ஜனங்கள் அவற்றின் முன் வாய் பிளந்து நிற்கிறார்கள்.

அந்தப் பெரிய யானையின் தந்தத்தருகே, அடக்கமாக ஒரு பூனை நிற்கிறது.

எத்தனையோ முறை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய், "அதோ பூனை, அதோ எலி" என்று காட்டியிருக்கிறேன். அன்றுதான் உள்ளபடி பார்த்தேன். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே தவம் செய்கிறது. காலடியில் எலிகள். அவற்றில் ஒன்று பக்தி சிரத்தையோடு கைகூப்பி நிற்கிறது. தமிழில் "உருத்திராட்சப் பூனை" என்று நாம் வைவதற்குக் கல்லில் வடித்த உதாரணம் இது. மகாபாரதத்தில் உத்தியோக பருவத்தில், துரியோதனன் உலூகனிடம் சொல்லி அனுப்பும் தூதில் இந்தக் கதை வருகிறது. கங்கைக் கரையில் கைதூக்கித் தவம் செய்த பூனையை நம்பி எலிகள் அடைக்கலம் புகுந்தன. பூனையோ நாளுக்கு நாள் கொழுத்தது, எலிகளோ நாளுக்கு நாள் குறைந்தன. தருமபுத்திரரைப் பார்த்து, உம்முடைய தருமமும் இத்தகையதே என்று துரியோதனன் சொல்லி அனுப்பினானாம். சொன்னவன் யார் என்பதுதான் அதில் வேடிக்கை!

போலித் தவசிகளைக் கண்டு சிரிப்பது பல்லவர் வீட்டு வழக்கம் போலும். மாமல்லனின் தகப்பனாரான மகேந்திரவர்மர் "மத்தவிலாசம்" என்று ஒரு பிரகசனமே எழுதினார். குடித்துவிட்டுக் கபாலத்தைத் தொலைத்த காபாலிகனும், திருட்டுப் பழி சுமக்கும் பிக்ஷுவும் அதில் சண்டை போடுகிறார்கள். ஆனால் இந்தச் சிற்பிக்குப் பூனையின் மேல் கோபம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பூனை சோம்பல் முறிக்கும்போது முதுகு எப்படி நீளும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானை எதிர்ப்பக்கத்தில் செதுக்கியவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லவா? அவன் வீட்டுச் சோற்றுப் பானையின் பக்கத்திலும் ஒரு பூனை இருந்திருக்கத்தான் வேண்டும்.

கூடைக்குள் கார்டு கத்துவதை நிறுத்தியிருந்தது. பிரம்பு இடுக்கு வழியாக ஒரு கண் மட்டும் தெரிந்தது. "மீன் கிடைக்கும், சுவர்க்கம்" என்று நான் இரண்டு நாளாக ஜபித்து வந்த மந்திரத்தை மறுபடி ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கல் பூனையின் முன்னால் நின்றுகொண்டு அதைச் சொல்வது சற்றுச் சிரமமாக இருந்தது. ஆயினும் எழுபது ரூபாய்க்கு மேல் கையில் இல்லாதவனும் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிட்டால் கோடி வரையில் நடந்து பார்த்துவிடுகிறான். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பத்தை நோக்கி நடந்தேன்.

வழியெல்லாம் உளிச் சத்தம். அந்த ஊரில் கல் தச்சர்கள் பழைய பாறைகளோடு முடித்துக்கொள்ளவில்லை. 1957-இல் சர்க்கார் தொடங்கிய சிற்பப் பள்ளி கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. தெருத் தெருவாகப் பட்டறைகள். கல்தூள் முடியில் படிந்த ஒரு பையன் பிள்ளையாரின் தும்பிக்கையை ஊதித் துடைத்துக்கொண்டிருந்தான். அதையெல்லாம் நின்று பார்க்கும் மனம் அன்று இல்லை.

குப்பத்து மணலில் படகுகள் ஏறியிருந்தன. வலைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். வயது அறுபது இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கூடையைப் பார்த்தே சொன்னாள்:

"பூனையா சார்?"

"ஆமாம் அம்மா. இங்கே மீன் கிடைக்குமே என்று…"

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. காரு வச்சிக்கிட்டு வந்துகூட விட்டுட்டுப் போறாங்க." மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். "வீட்டுல வளந்ததுக்கு இங்க பொழைக்கத் தெரியாது சார். அங்க பாருங்க, எத்தினி நாயி. மூணு ராத்திரி கத்தும். அப்பறம் சத்தம் இருக்காது."

படகு நிழலில் நான்கைந்து நாய்கள் படுத்திருந்தன. ஒன்று தலையைத் தூக்கிக் கூடையைப் பார்த்தது.

"என்னா தப்பு பண்ணிச்சு?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷ வேலை, யாம்-1, தகப்பனார், ஏரிக்கரை எல்லாம் மனத்தில் வந்தன. வாயில் வந்தது, "ஒரு பொம்மையை உடைத்துவிட்டது" என்பதுதான்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு கைப்பிடி நெத்திலியை அள்ளிக் காகிதத்தில் வைத்து, மூடியைச் சற்றே தூக்கிக் கூடைக்குள் போட்டாள். காசு கொடுக்கப் போனேன். "வச்சிக்குங்க. பஸ்ஸுல கத்தாம வரும்" என்றாள்.

கத்தாமல்தான் வந்தது. ஆனால் அதே கண்டக்டர்! "என்ன சார், போகும்போது சத்தம், வரும்போது நாத்தம்" என்றார். செங்கற்பட்டு வரையில் என் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

வீட்டு வாசலில் என் பெண் நின்றுகொண்டிருந்தாள். வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டதாம். முகத்தில் அழுத தடம். கூடையை வாங்கித் திறந்தாள். கார்டு வெளியே வந்து, என்னைத் திரும்பிப் பாராமல் மாடிப்படி ஏறிற்று. "சிற்பத்தைப் பார்த்தேனம்மா" என்று தொடங்கினேன். "தெரியும் அப்பா" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவளாகவே மாடிக்கு வந்து, தன் டெலிபோனில் சில படங்களைக் காட்டினாள். ஜப்பானில் ஓஸாகா நகரத்தில், மாதிரி ரயில்களை ஓட விட்டுச் சாப்பாடு போடும் ஒரு சாலை இருக்கிறது. 2020-இல் கொள்ளைநோயால் ஆள் வராமல் அது தத்தளித்தபோது, தெருப் பூனை ஒன்றுக்கும் அதன் குட்டிகளுக்கும் அங்கே அடைக்கலம் கிடைத்தது. ஊர்களின் மேலும் மலைகளின் மேலும் ராட்சதப் பூனைகள் படுத்துறங்குவதைப் பார்க்க ஜனங்கள் வந்து குவிந்தார்களாம். அதே தேசத்தில் வகயாமா ஜில்லாவில், கிஷி என்ற சின்ன ஸ்டேஷனில், 2007-ஆம் வருஷத்தில் தாமா என்ற பூனைக்குத் தொப்பி போட்டு ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்தார்கள். நசிந்துகொண்டிருந்த அந்தப் பாதைக்கு அது பிரயாணிகளைச் சேர்த்துக் கொடுத்தது. 2015-இல் தாமா இறந்தபோது அதைத் தெய்வமாக்கிக் கோயிலும் எழுப்பினார்கள். "நம்ம கார்டுக்குப் புரமோஷனே இல்லை" என்றாள் என் பெண்.

யாம்-1 இன்னும் பட்டறையில் இருக்கிறது. மேற்கைகளை நிமிர்த்தியாயிற்று. பல்சக்கரப் பெட்டியைப் புதிதாகச் செய்ய வேண்டும். தை மாதத்துக்குள் ஆகலாம். பலகையின் ஓரம் முழுவதும் ஒரு சாண் உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டேன். இனி விழுந்தாலும் தரைக்குப் போகாது. எஞ்சின் உதிரிகள் வந்த அட்டைப் பெட்டியைப் பாயிண்ட்ஸ்மேனுக்குக் கொடுத்துவிட்டேன். ஆயிரக்கணக்கான ரூபாய்ச் சாமான்களைக் காட்டிலும் வெறும் பெட்டியே பூனைக்கு உயர்ந்தது என்பதை முன்பே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

மாமல்லபுரம் ஸ்டேஷனை மட்டும் மாற்றிக் கட்டினேன். கடற்கரைக் கோயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒன்றரை அடி இடத்தைக் காலியாக விட்டு, கோணித் துண்டு ஒன்றை விரித்திருக்கிறேன். தபசுப் பாறையைக் களிமண்ணில் புதிதாகச் செய்தபோது, யானைத் தந்தத்தருகே அரிசி அளவில் ஒரு பூனையை வைத்தேன். அதன் காலடியில் எலிகளை வைக்க என் கண்ணும் கையும் இடந்தரவில்லை. கோணியின் மேல் கார்டு படுத்திருக்கும் நாட்களில் வண்டி திருக்கழுக்குன்றத்தோடு நின்றுவிடும். மேலே போக வேண்டிய பிரயாணிகள் பஸ்ஸில் போய்க்கொள்ள வேண்டியதுதான்.